பின்வளவுக் கோப்பி

அட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துப் பழைய கடை வீடுகளின் பின்வளவுகளில் ஒரு செடி நிற்கும். கிணற்றடியிலோ கோழிக்கூட்டின் ஓரத்திலோ, ஆள் உயரத்தைத் தாண்டி, மினுங்கும் கரும்பச்சை இலையோடு நிற்கும். வரட்சி முடிந்து முதல் மழை விழுந்ததும் கொப்பு முழுக்க வெள்ளைப் பூ; மல்லிகை வாசம். பிறகு கொத்துக் கொத்தாகக் காய்த்துச் சிவக்கும். பழத்தைக் கொண்டைக்குருவி கொத்தும், மரநாய் தின்னும், மிச்சம் உதிர்ந்து போகும். வீட்டுக்காரரோ முன்கடையில் பக்கற்றில் கோப்பித் தூள் வாங்குவார். "யார் நட்டது?" என்று கேட்டால் பதில் வராது. பெரும்பாலும் யாரும் நட்டதில்லை. குருவி போட்ட விதை.

மலையகத்தில் வீட்டுத் தோட்டம் என்றால் இப்போது லீக்ஸ், கரட், கோவா என்றுதான் பேச்சு. இந்தக் கோப்பிச் செடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இந்த மலைகளில் இன்றிருக்கும் பாதை, ரயில், லயம், பட்டணம் எல்லாவற்றுக்கும் முதற்காரணம் அதுதான். நம்மவர் வரலாறும் அந்தச் செடியோடு நாம் நினைப்பதைவிட நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது.

செடியின் தாயகம் எதியோப்பியா. அதைப் பானமாக்கி உலகுக்குக் கொடுத்தது யெமன். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க கஹ்வா குடித்தார்கள். முகா துறைமுகத்தின் வலியான அலீ இப்னு உமர் ஷாதுலீ அவர்களோடு அந்தப் பழக்கத்தை இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. அல்ஜீரியாவில் கோப்பிக்கு 'ஷாதுலிய்யா' என்றே ஒரு பெயர் வழங்கியது. ஷாதுலிய்யா தரீக்காவின் ஸாவியாக்கள் நிறைந்த இலங்கையில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக் கோப்பி ஹராம் என்று உலமாக்களைக் கூட்டித் தீர்ப்பு வாங்கினார். கெய்ரோவிலிருந்த மேலிடம் அதை நிலைக்க விடவில்லை. அந்த வழக்கையெல்லாம் தொகுத்து அந்த நூற்றாண்டிலேயே அப்துல் காதிர் அல்ஜஸீரி ஒரு நூல் எழுதினார். இந்தியாவுக்கு வந்த கதையிலும் ஒரு வலியுல்லாஹ்தான்: ஹஜ்ஜுக்குப் போன பாபா புதன் ஏழு விதைகளை மறைத்து எடுத்து வந்து கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்ணபரம்பரை.

இலங்கைக்கு எப்போது வந்தது? 1344இல் இங்கே வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, மலையில் உள்ளங்கை அகலச் சிவப்பு ரோஜாவைக் கண்டதாக எழுதினார். சிங்களத்தில் 'மகா ரத்மல்' எனப்படும் மரத்தின் பூவாக அது இருக்கலாம் என்பது பிற்கால ஊகம். கோப்பி பற்றி அவர் பேசவில்லை. பேசியிருக்கவும் முடியாது, அரபுலகிலேயே அந்தப் பானம் பரவியது அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தித்தான். ஆக இடைப்பட்ட காலத்தில், அரபு வணிகத் தொடர்பில் செடி இங்கு வந்திருக்க வேண்டும். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், போர்த்துக்கீசர் வருமுன்பே அரேபியாவிலிருந்து கோப்பி இங்கு வந்துவிட்டது என்கிறார். ஆனால் சிங்களக் கிராமத்தவர் கொட்டையை வறுக்கவில்லையாம். இளம் இலையைக் கறியாக்கினார்கள், பூவைப் பன்சலைக்குக் கொண்டுபோனார்கள். கோப்பி இந்நாட்டில் முதலில் கறி இலை, பிறகு பூசைப் பூ, கடைசியில்தான் பானம். முதன்முதல் அது வளர்ந்த இடமும் தோட்டமல்ல, பலாவுக்கும் கமுகுக்கும் நிழலில் வீட்டுப் பின்வளவு.

வரலாற்றுப் பாடநூல்கள் தாவுகிற இடம் இதுதான். அவற்றில் கோப்பி வரலாறு 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டதோடும், தேசாதிபதி பார்ன்ஸ் கன்னொறுவையில் பயிரிட்டதோடும் தொடங்கும். ஆனால் துரைமார் தோட்டங்கள் பெருகுமுன் கப்பலேறிய கோப்பியில் பெரும்பகுதி 'நாட்டுக் கோப்பி', அதாவது கண்டிக் கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் பறித்தது. தோட்டங்கள் பெருகிய பின்னும் அதன் பங்கு கணிசமாகவே இருந்தது. அந்தக் கோப்பியை வீடு வீடாகச் சேர்த்தது யார்? துணியும் உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏற்றி மலைக்குப் போன நம் வியாபாரிகள்தான். தவளம் என்பது அந்தப் பொதிமாட்டு வரிசை. கண்டி இராச்சியத்தில் மாட்டுப் போக்குவரத்துக்கென்றே மடிகே என்ற பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் கணிசம். அரசன் போனபின் அதே கால்நடை, அதே பாதை, கொஞ்சம் மாறிய சரக்கு. போகும்போது உப்பும் சேலையும், வரும்போது பாக்கும் கோப்பியும். குடியானவர் கோப்பியைப் பற்றி 1972இல் தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அமீர் அலி என்பது நமக்குப் பெருமை. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் அந்தத் துறையை வேண்டிய அளவு யாரும் தோண்டவில்லை என்பது என் மனக்குறை.

பெருமையை மட்டும் சொல்லிக்கொண்டு போவது ஆராய்ச்சியாகாது. பண்டமாற்றில் பழத்தின் விலையைச் சொன்னவன் வியாபாரிதான். பழுக்குமுன் பிடுங்கிக் கொடுத்துக் கடனைக் கழித்த குடியானவனும் உண்டு. தோட்டக் கோப்பியைத் திருடிக் கிராமத்துக் கடைகளில் விற்கிறார்கள் என்று துரைமார் ஓயாமல் முறையிட்டு, கோப்பித் திருட்டுக்கென்றே சட்டம் கொண்டுவர வைத்தார்கள். அவர்களின் விரல் நீண்டது பெரும்பாலும் முஸ்லிம் கடைக்காரர் பக்கம். எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது, எல்லாம் மெய் என்றும் ஏற்க முடியாது. கிராமத்தான் தன் வளவில் பறித்த கோப்பியையும் 'திருட்டு' என்று சந்தேகிக்க அந்தச் சட்டம் வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கியது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்கு மலைகள் கைமாறின. புசல்லாவையில் வோர்ம்ஸ் சகோதரர்கள் திறந்த ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயர் இன்றும் நிற்கிறது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடை. வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. 2023இல் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது இந்தப் பாதையின் நினைவுதான். கோப்பி ஆண்டுக்கொரு பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள்.

1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று தமிழில் ஒரு பாட்டு நூல் எழுதினார். கோப்பி நடுவது எப்படி, பராமரிப்பது எப்படி என்று கும்மி மெட்டில் சொல்லும் நூல். அதே 1869இல்தான் மடுல்சீமைப் பக்கத்தில் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு நோய் தென்பட்டது. இலைத் துரு. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போய், 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரும் சூட்டப்பட்டது. துரைமார் முதலில் அலட்டிக்கொள்ளவில்லை, காரணம் விலை நன்றாக இருந்தது. 1870களின் நல்ல ஆண்டுகளில் 10 இலட்சம் அந்தர் அளவில் கப்பலேறியது. 20 ஆண்டு கழித்து அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. 1880இல் வந்து இரண்டு வருஷம் ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோய் காற்றில் பறக்கும் நுண்தூளால் பரவுவதையும், மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதே அதற்குத் தீனி என்பதையும் காட்டினார். காலம் கடந்துவிட்டிருந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஒரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பி இறக்கவென்று மேலே மேலே இழுத்த ரயில் பாதை அட்டனை எட்டியதும் அதே 1884தான். வண்டி வந்தது, ஏற்றச் சரக்கில்லை.

அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் நட்டு வைத்திருந்தார். இடையில் சில வருஷம் எல்லோரும் சிங்கோனாவின் பின்னால் ஓடினார்கள். அதற்கென்றுதான் 1861இல் ஹக்கலைப் பூங்காவே தொடங்கப்பட்டது. மலேரியாவுக்குக் கொயினா தரும் பட்டை. எல்லோரும் நட்டதும் விலை விழுந்தது, அதோடு முடிந்தது.

தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து தரும். ஆகவே ஆளும் வருஷம் முழுக்க வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். லயம் நிரந்தரமானது. இங்கேதான் வீட்டுத் தோட்டத்தின் கதை சிக்கலாகிறது. லயத்து வாசலில் துண்டு நிலம் கிடைத்தாலும் அது தோட்டத்துக்குச் சொந்தம். நிர்வாகம் சொன்னால் விட வேண்டும். 1948இல் குடியுரிமையே போனது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் இருப்பார், யார் கப்பலேறுவார் என்பது தெரியாமல் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். கோப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு வருஷம் வேண்டும். மூன்று மாசத்தில் பிடுங்குகிற கரட்டைத்தான் அந்த நிலைமையில் மனுஷன் நடுவான், மூன்று வருஷச் செடியை எந்த நம்பிக்கையில் நடுவான்? மரம் நட்டவனுக்கு, அதில் பறவையும் மனிதனும் தின்பதெல்லாம் ஸதகா என்ற ஹதீஸை ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்த நாம், நடுவதற்கும் உரிமை வேண்டும் என்பதை யோசிப்பதில்லை. நம் கடை வீடுகளின் பின்னால் கோப்பி தப்பி நின்றதற்கும் அங்கே காணி உறுதி இருந்தது ஒரு காரணம். பக்கத்து லயத்தில் அது நில்லாததற்குக் காரணம் சோம்பல் அல்ல.

அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு கட்டிக் கொடுக்கிறார்கள். 1,900 சதுர அடி சொச்சம். எல்லோருக்கும் கிடைக்கவில்லை, உறுதிப் பத்திரமும் எல்லோர் கையிலும் இல்லை. கிடைத்த இடங்களில் சவ்சவ் கொடியும் மரத்தக்காளியும் ஏறத் தொடங்கிவிட்டன. இரண்டும் நல்லவைதான், இரண்டும் அமெரிக்கக் கண்டங்களின் பக்கத்திலிருந்து வந்து இந்தக் குளிருக்குப் பழகியவை. கோப்பியையும் அந்த வரிசையில் சேர்க்கலாம்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: அரபிக்கா வகைக்கு அட்டன், கொட்டகலை, புசல்லாவை உயரம் பொருந்தும். நுவரெலியா டவுன் உயரத்தில் தை மாசத்து உறைபனி கருக்கிவிடும். அங்கே நட்டு ஏமாற வேண்டாம். அரபிக்கா தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒற்றைச் செடியும் போதும். கடைக் கொட்டை முளைக்காது. சிவந்த பழத்தைப் பிதுக்கி, வழுவழுப்பைக் கழுவி, மேல் ஓட்டோடு நிழலில் உலர்த்திச் சில கிழமைக்குள் ஊன்ற வேண்டும். நாள்பட்டால் முளைப்பு செத்துவிடும். முளைக்க ஒன்றரை இரண்டு மாசம் போகும், பொறுமை வேண்டும். அரை நிழல் விரும்பும் செடி. வாழையோ முள்முருங்கையோ பக்கத்தில் இருந்தால் நல்லது. இலைத் துரு இன்னும் போகவில்லை, இலை அடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெருக்கி நடாமல் மற்ற மரங்களுக்கிடையில் தள்ளித் தள்ளி நட்டால் ஒன்றில் வந்தது எல்லாவற்றையும் கொண்டுபோகாது.

உம்மம்மாமார் செய்த முறை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. காய்ந்த கொட்டையை மண்சட்டியில் கறுக்க வறுத்து, கொத்தமல்லியும் ஒரு துண்டு சுக்கும் சேர்த்து உரலில் இடித்து, துணியில் அரித்து எடுப்பார்கள். ராத்திபு இரவுகளுக்கும் மையித்து வீட்டுக்கும் அந்தத் தூள்தான். பக்கற் தூள் வந்தபின் உரல் முதலில் போனது, செடி பிறகு குருவிக்கென்று விடப்பட்டது. அட்டன் பக்கம் பழம் சிவப்பது பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரை. அந்த நாட்களில் யார் வீட்டுப் பின்வளவிலாவது கேட்டால், விதைக்கு ஒரு பிடி பழம் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.