ஆட்டுக் கிடையில் பிறந்த கேள்வி

தொடக்க நூலின் 30-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தம் மாமன் லாபானிடம் கூலியாகக் கேட்பது பொன்னையோ வெள்ளியையோ அன்று. புள்ளியும் வரியும் உள்ள ஆடுகளையும் கருநிறச் செம்மறிக் குட்டிகளையுமே. பின்னர் மரக்கொப்புகளின் பட்டையை வரிவரியாக உரித்துத் தண்ணீர்த் தொட்டிகளின் முன் வைக்கிறார். அவற்றின் முன் இணைந்த ஆடுகள் வரியுள்ள குட்டிகளை ஈன்றன என்று வாசிக்கிறோம். கண்ணால் கண்டது கருவில் பதியும் என்பது பண்டைய மக்களின் நம்பிக்கை. ஆயினும் அடுத்த அதிகாரத்தில், யாக்கோபு கண்ட கனவில், இணைந்த கிடாக்களே வரியும் புள்ளியுமாய் இருந்தன எனக் காண்கிறோம். காரணம் கொப்பிலா, கிடாவிலா? இதற்கு விடை காண மனிதகுலம் நெடுங்காலம் காத்திருந்தது. அவ்விடைக்கு வழி திறந்தவர்களுள் துறவு மடத்து அதிபர் ஒருவரும் உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

மெல்லிய கம்பளிக்குப் பெயர்பெற்றது ஸ்பெயின் நாட்டு மெரினோ ஆடு. 1273-இல் பத்தாம் அல்போன்சு மன்னர் அங்கிருந்த ஆட்டு மந்தையாளர் சங்கமாகிய மெஸ்தாவுக்குச் சிறப்புரிமைகள் வழங்கினார். உயிருள்ள மெரினோ ஆடு நாட்டின் எல்லையைத் தாண்டாதபடி கடுமையான தடைகள் நெடுங்காலம் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டுத் தளர்ந்தது. 1765-இல் சாக்சனி நாட்டிற்கும், 1786-இல் பிரான்சின் ராம்புய்யே பண்ணைக்கும் மெரினோ மந்தைகள் சென்றன. அதே காலத்தில் இங்கிலாந்தின் டிஷ்லி சிற்றூரில் ராபர்ட் பேக்வெல் என்னும் உழவர், விரும்பிய பண்புடைய ஆடுகளையே தேர்ந்து, நெருங்கிய உறவுள்ளவற்றையே இணைத்து, புதிய இனம் ஒன்றை உருவாக்கினார். தம் பொலிகிடாக்களைப் பருவத்திற்கு வாடகைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். ஆனால் அவர் நாடியது இறைச்சி; கம்பளி அன்று.

அவருடைய முறையைக் கம்பளிக்குப் பயன்படுத்திய இடங்களுள் ஒன்று மொராவியா. இன்று செக் குடியரசில் உள்ள பிர்னோ நகரம் அன்று ஆஸ்திரியப் பேரரசின் பெரிய கம்பளி நெசவு நகரம். நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விலை. ஃபெர்டினான்ட் கைஸ்லர்ன் என்பவர் அங்கே மெரினோக்களைக் கவனமாகத் தேர்ந்து வளர்த்துப் புகழ்பெற்றார். 1814-இல் ஆடு வளர்ப்போர் சங்கமும் அந்நகரில் தோன்றியது.

ஆனால் மென்மையை மட்டுமே நாடியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உறவுக்குள் இணைத்த மந்தைகள் சில நலிந்தன. 1819-இல் இம்ரே ஃபெஸ்டெடிச் என்னும் அங்கேரியப் பிரபு, தாம் வளர்த்த ஆடுகளின் அனுபவத்திலிருந்து சில விதிகளை வெளியிட்டார். உடல்நலமும் வலிமையும் உள்ளவையே தம் பண்புகளைக் கடத்தும். பாட்டன் பாட்டியின் பண்பு பேரக்குட்டியில் மீண்டும் தோன்றலாம். உறவுக்குள் இணைப்பவர் மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

சங்கத்தார் ஆண்டுதோறும் கூடி வாதிட்டனர். 1837-இல் அவர்கள் நடுவே எழுந்தவர் பிர்னோ புனித தோமா மடத்தின் அதிபர் சிரில் நாப். அகுஸ்தீன் சபைத் துறவி. விவிலியத்திலும் கீழை மொழிகளிலும் புலமை பெற்றவர். எப்படி வளர்ப்பது என்பதைப் பேசியது போதும்; பெற்றோரிடமிருந்து குட்டிக்கு எது வருகிறது, எவ்வாறு வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டியது என்பது அவர் கருத்து. யாக்கோபின் வரலாற்றை மூல மொழியில் கற்ற அவர் இவ்வாறு வினவியது நமக்கு வியப்பளிக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1843-இல், அதே மடத்தில் ஏழை உழவர் மகன் ஒருவர் சேர்ந்தார். அவரே கிரகோர் மெண்டல். அதிபர் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். 1856 முதல் மெண்டல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். ஆட்டுக் கம்பளியின் மென்மை பல கூறுகளால் அமைவது. ஆடோ ஆண்டிற்கு ஒன்றிரண்டு குட்டிகளையே ஈனும். எனவே கிடையில் கணக்குப் பிடிபடவில்லை. பட்டாணியோ உருண்டை அல்லது சுருக்கம் என இரண்டில் ஒன்றாகவே தெரியும். விதைகளும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். முதல் தலைமுறையில் மறைந்த சுருக்கம் அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக மீண்டு வந்தது. பண்புகள் கரைந்து போவதில்லை. மறைந்திருந்து தனித்தனியே கடத்தப்படுகின்றன என்று கண்டார். 1865-இல் அதை வாசித்தளித்தார்; 1866-இல் அச்சேறியது. அதன் அருமையை உணர்ந்தவர் மிகச் சிலரே.

1867-இல் நாப் காலமானார்; அடுத்த ஆண்டு அதிபரான மெண்டலும் 1884-இல் மறைந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் அவ்வுண்மையை மீண்டும் கண்டனர். கேட்டவரும் கண்டவரும் அதன் பயனைக் காணவில்லை.

கேள்வி கேட்பது விசுவாசத்திற்கு இழுக்கு என்று நம்முள் சிலர் இன்றும் பிள்ளைகளை அடக்குகிறோம். ஆட்டுக்காரர்களின் கூட்டத்தில் அமர்ந்து, அவர்கள் தொழிலைக் கற்று, அவர்கள் கேட்க மறந்ததைக் கேட்ட அந்த அதிபரை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். விடை தம் காலத்தில் வராது போயினும், அதைத் தேடக்கூடிய இளைஞன் ஒருவனுக்குத் தோட்டத்தில் ஒரு பாத்தி ஒதுக்கிக் கொடுத்தாரே, அது போதும். நம் பங்கிலும் வீட்டிலும் அத்தகைய பாத்தி ஒன்று உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.