'டக்' பிறந்த கதை

ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில்) அடுப்பின் குமிழை வேண்டுமென்றே மெல்லத் திருப்பிப் பாருங்கள். கொஞ்ச தூரம் கை போகிற போக்குக்கு வரும். பிறகு சற்றே முரண்டு பிடிக்கும். அப்புறம் 'டக்'. அந்தக் கடைசித் தாவலைச் செய்தது உங்கள் கை அல்ல, உள்ளே இருக்கும் ஸ்பிரிங். ஆமை வேகத்தில் திருப்பினாலும் அவசரத்தில் திருப்பினாலும், உள்ளே இரண்டு உலோகப் புள்ளிகள் பிரிகிற வேகம் ஒன்றுதான்.

கொல்கத்தாவில் இந்த அடுப்புகளுக்கு டிசம்பர்தான் சோதனைக் காலம். கிறிஸ்துமஸ் கேக்குக்காக நாஹூம் பேக்கரி வாசலில் வரிசையில் நிற்பவர்கள் ஒரு பக்கம். வீட்டிலேயே கேக் சுடுகிறேன் என்று பரணிலிருந்து ஓ.டி.ஜி.யை இறக்குபவர்கள் இன்னொரு பக்கம். மழைக்கால ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கிடந்த அடுப்பு, மாவு கரைத்து முடித்த பிறகுதான் 'மாட்டேன்' என்னும். சாந்தினி சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மிஸ்திரி மூடியைக் கழற்றி, ஸ்விட்சை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பார். "பாயின்ட் புடே கேச்சே, தாதா." பாயின்ட் கருகிப்போச்சு அண்ணே, அவ்வளவுதான். இருபது லிட்டர் அடுப்பில் பழுதானது மிளகளவு வெள்ளிப் புள்ளி ஒன்று.

அது ஏன் கருகுகிறது? ஸ்விட்சின் வேலை உலோகப் புள்ளிகளைச் சேர்த்துவைப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். சேர்ப்பது சுலபம், இரண்டு ஆணிகளைத் தொடவைத்தாலே போதும். கஷ்டமெல்லாம் பிரிப்பதில்தான். புள்ளிகள் விலகும் கணத்தில், ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் இடையில் உள்ள காற்றையே பாதையாக்கிக்கொண்டு தாவப் பார்க்கும். அந்தப் பொறியின் சூடு ஆயிரக்கணக்கான டிகிரி. உலோகமே ஆவியாகும். எவ்வளவு மெதுவாகப் பிரிக்கிறோமோ, அவ்வளவு நேரம் பொறி நின்று எரியும்.

1880களில் மின்விளக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது ஸ்விட்சு என்பது கையால் திருப்பும் உலோகத் துண்டு, வேறொன்றுமில்லை. தயங்கித் திருப்பினால் தீப்பொறி. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் மின்சாதனத் தொழில் தொடங்கியிருந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் இதற்கு ஒரு வழி கண்டார். மனிதரின் கையை நம்பக் கூடாது. கை ஸ்பிரிங்கை இழுக்கட்டும், ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் தானாகவே விடுபட்டுப் புள்ளிகளைப் பிரிக்கட்டும். பிரிகிற நேரம் நொடியில் சிறு பின்னமாகச் சுருங்கியது. பொறி வளர்வதற்குள் இடைவெளி வந்துவிட்டது. 'டக்' பிறந்தது அப்போதுதான். இன்று சுவரில் இருக்கும் சாதாரண ஸ்விட்சு வரைக்கும் அந்த யோசனைதான் ஓடுகிறது. எடிசனின் பெயர் தெரிந்த அளவுக்கு ஹோம்ஸின் பெயர் யாருக்கும் தெரியாது. பல்பு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, பொறி வராமல் போவது தெரிவதில்லையே.

கொல்கத்தா இந்தக் கதைக்குள் சீக்கிரமே வந்துவிட்டது. 1879 ஜூலை 24 அன்றே பி.டபிள்யூ. ஃப்ளூரி நிறுவனம் அங்கே மின்விளக்கை எரித்துக் காட்டியது. 1897இல் நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் உரிமத்தைக் கில்பர்ன் நிறுவனம் பெற்றது. அது முகவராக இருந்த லண்டன் கம்பெனிதான் விரைவில் பெயர் மாறிக் கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் ஆனது, இன்றும் சி.இ.எஸ்.சி. என்ற பெயரில் பில் அனுப்புகிறது. 1899 ஏப்ரல் 17 அன்று பிரின்ஸெப் தெருவை ஒட்டிய இமாம்பாக் சந்தில் அதன் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்டது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். பிற்பாடு திசை மாறி மாறி ஓடும் ஏசி வந்தும், நகரின் பழைய பகுதிகளை விட்டு டிசி உடனே போய்விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. வீடு மாறும்போது 'அந்தத் தெருவில் ஏசியா, டிசியா' என்று விசாரித்துக்கொண்டுதான் ரேடியோவையும் ஃபேனையும் எடுத்துப்போக வேண்டியிருந்த ஊர் அது.

சூடாக்கும் ராடுக்கு இந்தக் கவலை கிடையாது. எந்தத் திசையில் ஓடினாலும் அது சிவந்து கொதிக்கும். கவலைப்படுவது ஸ்விட்சு. நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சைபரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதாவது நொடிக்கு 100 முறை மின்சாரமே தன்னை அணைத்துக்கொள்கிறது. பொறி பிடித்தாலும் அந்த இடைவேளையில் செத்துவிடும். டிசிக்கு இடைவேளையே கிடையாது. பிடித்த பொறியை இழுத்து அறுத்தால்தான் உண்டு. ஹோம்ஸின் ஸ்பிரிங் யாருக்கு உயிர் போகிற அவசியமாக இருந்ததென்றால், இந்த மாதிரி டிசி ஊர்க்காரர்களுக்குத்தான்.

வீட்டு ஸ்விட்சுக்கு ஸ்பிரிங் போதும். டிராமுக்குப் போதாது. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கித்தர்பூருக்கு ஓடிய முதல் மின்சார டிராம் தொடங்கி கொல்கத்தா டிராம்கள் குடித்தது டிசிதான்; இன்றைக்கு 550 வோல்ட். அதன் கன்ட்ரோலருக்குள் பொறியை ஊதி அணைக்கக் காந்தம் வைப்பார்கள். காந்தப்புலம் பொறியைப் பக்கவாட்டில் தள்ளி, நீட்டி, அறுத்துவிடும். சமையலறைக்கு இவ்வளவு படாடோபம் தேவைப்படவில்லை. ஏசி வந்ததும் ஸ்விட்சு சுண்டு விரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆனால் அடுப்பில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. விளக்கை அணைப்பது கை. அடுப்பை அணைப்பது சூடு. 180 டிகிரி ஆனதும் தானாக அணைய வேண்டும், ஆறியதும் தானாக எரிய வேண்டும். இரு வேறு உலோகப் பட்டைகளை ஒட்டிவைத்தால் சூட்டில் வளையும் என்பது, 18ஆம் நூற்றாண்டில் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் காலத்திலிருந்தே தெரியும். பட்டை வளைவது சரி, வேகம்தான் வினை. எவ்வளவு சோம்பேறியான கையும் அவ்வளவு மெதுவாக ஸ்விட்சைத் திருப்பாது. புள்ளிகள் மயிரிழை அளவுக்கு விலகி, நடுங்கி, மறுபடி தொட்டு, பொறி பறக்க விட்டே தீய்ந்துபோகும். ஹோம்ஸ் தீர்த்த பிரச்சினை இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது.

அமெரிக்காவில் ஜான் ஸ்பென்சர் இதற்கு விடை கொண்டுவந்தார். மெய்ன் மாநிலத்து ஆலை ஒன்றில் சிறுவனாகக் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் இரும்புக் கதவு சூட்டில் ஒரு பக்கம் புடைத்து, ஆறும்போது சட்டென மறுபக்கம் மடங்கியதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். 1920களில் அந்த ஞாபகம், குழிவான ஈருலோக வில்லையாக உருவெடுத்தது. சூடு ஏற ஏற வில்லை பொறுமையாக இருக்கும். குறித்த டிகிரி வந்ததும் மொத்தமாகக் கவிழும். 'டக்.' இன்று பல அடுப்புகளில் அளவுமீறிச் சூடானால் இணைப்பை அறுக்கும் காசளவு வில்லை அந்த வம்சம்தான். 1932இல் இல்லினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட் நகரில், பர்ஜஸ் பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்த பீட்டர் மெக்கால் மைக்ரோ ஸ்விட்சைச் செய்தார். நகம் பட்டதுபோல் தொட்டாலே உள்ளே தகடு முழுதாகத் தாவும். பெரிய அடுப்புகளிலும் மைக்ரோவேவிலும் கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது இதுதான்.

இந்த மைக்ரோ ஸ்விட்சின் முதுகில் அச்சடித்திருப்பதை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான ரகம் ஒன்றில், 250 வோல்ட் ஏசி என்றால் 15 ஆம்பியர் வரை தாங்கும். அடுத்த வரியில் 250 வோல்ட் டிசி என்றால் கால் ஆம்பியர். அதே பெட்டி, அதே வெள்ளி, அதே ஸ்பிரிங். அறுபது மடங்கு வித்தியாசம்.

சரி, உங்கள் அடுப்புக்கு வருவோம். பிளக்கை முதலில் உருவிவிடுங்கள். இதில் பேச்சே கிடையாது. பெரும்பாலான ஓ.டி.ஜி.யில் டைமர், வெப்பக் குமிழ், மேல்-கீழ் ராடு தேர்வுக் குமிழ் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று மறுத்தாலும் சூடு வராது. டைமரைத் திருகி, வெப்பத்தை உச்சத்தில் வைத்து, இரண்டு ராடுகளையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பிளக்கின் இரண்டு சிறிய பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். 2000 வாட் அடுப்பு என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையா, மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஸ்விட்சாகப் பாருங்கள். நல்ல ஸ்விட்சு மூடிய நிலையில் சைபரை ஒட்டி நிற்கும். ஒரு ராடு மட்டும் எரியவில்லை என்றால் தேர்வுக் குமிழ் அல்லது அந்த ராடு. கேக்கின் அடி கரியாகி, ராடு சிவப்பு மாறாமலே எரிகிறதென்றால் தெர்மோஸ்டாட்டின் புள்ளிகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிக்கொண்டது கருகியதைவிட ஆபத்து, ஏனென்றால் அடுப்பு 'வேலை செய்கிறது' என்று நம்ப வைக்கும்.

மீட்டர் சில சமயம் ஏமாற்றும். அது அனுப்புவது சில மில்லி ஆம்பியர். அடுப்பு இழுப்பதோ 8.7 ஆம்பியர் அளவுக்கு. புள்ளியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் மலிவு மீட்டரில் அது கண்ணில் படாமலே போகலாம். ஓடும்போதோ அந்த மிளகளவு இடத்தில் ஏழரை வாட் சூடு உட்கார்ந்திருக்கும். அதனால் மீட்டரோடு கண்ணையும் மூக்கையும் பயன்படுத்த வேண்டும். பழுப்பேறிய பிளாஸ்டிக், நிறம் மாறிய பித்தளை, தளர்ந்துபோன திம்பிள் (ஒயர் முனையின் உலோகக் கவ்வி), மீன் வாடை போன்ற ஒரு நெடி.

மாற்றும்போது பலர் ஸ்விட்சை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, கருகிய திம்பிளையே அதில் செருகிவிடுகிறார்கள். சில மாதங்களில் புதியதும் தீய்கிறது. பழி ஸ்விட்சுக்குப் போகிறது. ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புதுத் திம்பிள் நெரித்து, சூடு தாங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஒயர் நீளம் போதாதென்று சாதாரண பி.வி.சி. ஒயரை ஒட்டுப்போடாதீர்கள், அடுப்புக்குள் அது இளகும். எந்த ஒயர் எந்தக் காலில் என்று கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஒரு வாரச் சமாதானம். மேலே இருக்கும் வெள்ளி போய்விட்டால் கீழே உள்ளது இன்னும் சீக்கிரம் எரியும்.

எஸ்ரா தெரு மின்சாமான் கடைகளிலோ சாந்தினியிலோ 'பதினாறு ஆம்பியர்' என்று கேட்டால் கை நிறையத் தருவார்கள். திருப்பிப் பார்த்து வாங்குங்கள். 'டி' (T) என்ற எழுத்தை அடுத்து ஒரு எண் இருக்கும். எத்தனை டிகிரிச் சூடு வரை அந்த ஸ்விட்சு வேலை செய்யலாம் என்பது அது. டி85 சாதாரண மேஜைக் கருவிகளுக்குப் போதும். அடுப்பின் பக்கச் சுவரை ஒட்டி உட்காரப் போவதற்கு டி150 கேளுங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். தெர்மோஸ்டாட் என்றால் உச்ச வெப்பமும் குமிழ்த் தண்டின் வடிவமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மெல்லிய செம்புக் குழாய் உள்ள ரகத்தில் அந்தக் குழாயை மடக்கிவிட்டால் புதுசும் குப்பைக்குத்தான்.

கழற்றிய ஸ்விட்சைத் தூக்கிப்போடும் முன் உடைத்துப் பாருங்கள். ஏசியில் ஓடியது என்பதால் இரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி பொரிந்திருக்கும். டிசியில் ஓடிய ஸ்விட்சில் அப்படி இராது. ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கம் குடிபெயர்ந்துவிடும். ஒன்றில் குழி, எதிரே அதே அளவில் ஒரு கூம்பு.