‘பாரதி’ படமும் மதிப்புரைகள் காணாத இதழும்

ஞான ராஜசேகரனின் ‘பாரதி’ 2000இல் வெளிவந்தபோது எழுந்த விவாதங்களில் பெரும்பகுதி முகத்தைப் பற்றியது. தமிழ்க் கவிஞராக நடிக்க மராத்தி நடிகரா என்று முதலில் கேட்டார்கள். படம் வந்தபின் சாயாஜி ஷிண்டேயின் கண்களைப் புகழ்ந்தார்கள். ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் எஸ்.வி. சுப்பையா பதித்துச் சென்ற பாரதியோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. (அதை இயக்கிய பி.ஆர். பந்துலு எங்கள் கோலார்ப் பக்கத்துக்காரர் என்பதில் இங்குள்ளோருக்குச் சிறு பெருமை.) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பவதாரிணிக்கும் பின்னணிப் பாடலுக்காகத் தேசிய விருது. அப்பாடல் பாரதி எழுதியதன்று.

ஓர் எழுத்தாளரின் வாழ்க்கைப் படத்தை மதிப்பிடுவோர், அவர் எந்த எழுத்துச் சூழலில், எந்த வாதங்களுக்கு நடுவே எழுதினார் என்பதையும் கேட்க வேண்டும். ‘பாரதி’ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே கலந்துகொண்ட சவ ஊர்வலத்தில் தொடங்குகிறது. உலகம் கைவிட்ட தனித்த மேதை என்ற சட்டகம் அங்கேயே அமைந்துவிடுகிறது. நான் வாசித்த மதிப்புரைகள் அச்சட்டகத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டன.

தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு அக்காலம் வேறொன்றையும் நினைவூட்டும். பாரதி ஆசிரியராயிருந்த ‘இந்தியா’ 1906இல் தொடங்கியது. 1907 ஜூனில், அதே சென்னையில், அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். முன்னது சுதேசியத்தை முழங்கியது. பின்னது, சாதி வேற்றுமையை வைத்துக்கொண்டு பேசும் சுதேசியம் யாருக்கானது என்று வாரந்தோறும் கேட்டது. ஒரே நகரம், ஒரே மொழி, ஒரே ஆண்டுகள். படத்தில் அந்த இரண்டாம் குரல் இல்லை. இயக்குநர் எல்லாவற்றையும் காட்டக் கடமைப்பட்டவர் அல்லர். விமர்சகரின் நிலை வேறு. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இலேயே அச்சேறியிருந்தது.

இவ்விடைவெளி கனகலிங்கம் காட்சியில் நன்கு புலப்படும். புதுச்சேரியில் தலித் இளைஞரான அவருக்குப் பாரதி பூணூல் அணிவித்தது வரலாறு. கனகலிங்கமே ‘என் குருநாதர்’ என்று நூல் எழுதியிருக்கிறார்; அவருடைய நன்றியுணர்வை ஐயுற எனக்கு உரிமையில்லை. ஆயினும் பூணூலை அனைவர்க்கும் உரியதாக்குவது ஒரு விடை; பூணூல் உயர்வின் அடையாளமானது எவ்வாறு என்று வினவுவது மற்றொரு வாதம். இரண்டாவதை அதே காலத் தமிழ் உரைநடையில், பௌத்த நோக்கில், அயோத்திதாசர் விரிவாக எழுதிவந்தார். அதை அறியாமல் பார்க்கையில் அக்காட்சி சீர்திருத்தத்தின் எல்லையாகத் தோன்றுகிறது; அறிந்து பார்த்தால், நடந்துகொண்டிருந்த ஒரு விவாதத்தின் ஒரு தரப்பாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால், இரண்டாவது பார்வையில்தான் பாரதி இன்னும் சுவையான மனிதர்.

அயோத்திதாசர் 1914இல் மறைந்தபின் ‘தமிழன்’ முதலில் தளர்ந்து, பின்னர் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதைக் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். அயோத்திதாசரின் நூல்களை மறுபதிப்பிட்டதும் இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலையே. அவற்றை வாங்கியோரில் சுரங்கத் தொழிலாளர் பலர். ‘பாரதி’ வெளிவந்த மறு ஆண்டு, 2001 பிப்ரவரி 28 அன்று, அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் பெங்களூருக்கு வேலை தேடி ரயிலேறின. பழைய ‘தமிழன்’ படிகள் இவ்வூரில் எந்தெந்த வீட்டுப் பரண்களில் எஞ்சியிருக்கின்றன என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.