நீலப் பெட்டிக்குள் இருந்த சாவி

2003 ஜனவரி. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் புதிய பவர்புக் மடிக்கணினிகளை மேடையேற்றினார். அவற்றில் 'ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம்' என்ற கம்பியில்லா இணைப்பு இருந்தது. வேகம் நொடிக்கு 54 மெகாபிட். ஆப்பிளில் அதுவரை இருந்தது 11தான். உள்ளே இருந்த சில்லு கலிபோர்னியாவின் பிராட்காம் நிறுவனத்துடையது. சீக்கிரமே அந்தக் குடும்பத்துச் சில்லுகள் டெல், எச்பி மடிக்கணினிகளிலும் ஏறின. மேக்கில் ஓடின, விண்டோஸில் ஓடின. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் போட்டவர்களிடம் மட்டும் வாயே திறக்கவில்லை.

சில்லோடு பேச டிரைவர் என்ற நிரல் வேண்டும். டிரைவர் எழுத வேண்டுமானால் சில்லின் உள்விவரம் தெரிய வேண்டும். பிராட்காம் அதைத் தரவில்லை. வானொலி அலையின் அலைவரிசையும் சக்தியும் அரசு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை; நிரலைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை மாற்றிவிடுவார்களே என்ற பயம் அன்று அந்தத் துறை முழுக்க இருந்தது. கதவு சாத்தியே கிடந்தது. சாவியோ கடைகளில் வெளிப்படையாக விற்பனையாகிக்கொண்டிருந்தது.

லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர்தான் அது. நீலமும் கறுப்புமாக, முதுகில் இரண்டு ஆண்டெனாக்களோடு, உள்ளே அதே பிராட்காம் குடும்பத்துச் சில்லோடு இருக்கும். 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர் லினக்ஸ் உருவாக்குநர்களுக்கு ஒரு செய்தி எழுதினார்: இந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அப்படியானால் லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலை வெளியிட்டே ஆக வேண்டும். லிங்க்சிஸை அப்போதுதான் சிஸ்கோ 50 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. நெருக்கடி முற்றி மூலநிரல் வெளியே வந்தது. ஆவலோடு பிரித்துப் பார்த்தார்கள். கம்பியில்லா டிரைவர் மட்டும் வெறும் இயந்திரமொழிக் கோப்பாக, மனிதர் படிக்க முடியாத எண்குவியலாக இருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் சிலர் குறுக்குவழி கண்டார்கள். விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து, தான் விண்டோஸில்தான் இருக்கிறோம் என்று அதை நம்பவைக்கும் 'என்டிஐஎஸ்ராப்பர்' பிறந்தது. பலருக்கு முதன்முதலாக இணையம் வந்தது அதனால்தான். ஆனால் அந்த டிரைவர் இடறினால் கணினி மொத்தமாக உறைந்துவிடும். எங்கே தவறு என்று பார்க்கவும் வழியில்லை. பவர்பிசி செயலியில் ஓடிய ஆப்பிள் மடிக்கணினிகளுக்கு அந்த வழியும் கிடையாது, ஏனென்றால் விண்டோஸ் டிரைவர்கள் வேறு செயலிக்காக எழுதப்பட்டவை. வேறு வழியில்லாமல் லினக்ஸ் உருவாக்குநர்களின் பார்வை மீண்டும் நீலப் பெட்டியின் எண்குவியல் பக்கம் திரும்பியது.

அதைப் பார்த்து எழுதினால் காப்புரிமை மீறல். பார்க்காமல் எழுதவோ முடியாது. இந்த முடிச்சை அவர்கள் அவிழ்த்த விதத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு எண்குவியலைப் பிரித்து, எந்தப் பதிவேட்டில் எந்த மதிப்பை எழுதினால் சில்லு என்ன செய்கிறது என்பதைச் சாதாரண வாக்கியங்களில் குறித்துவைத்தது. மறு குழு அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் படித்துப் புது டிரைவர் எழுதியது. 1980களில் ஐபிஎம் கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸை காம்பாக் மறுஉருவாக்கம் செய்ததும் இதே முறையில்தான். ஆனால் காம்பாக்கிடம் முதலீடு இருந்தது. இவர்களிடம் இருந்தது ஓய்வு நேரம் மட்டுமே. 2005 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: சில்லு பேசுகிறது! 2006 ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.17இல் 'பிசிஎம்43எக்ஸ்எக்ஸ்' என்ற பெயரில் அந்த டிரைவர் இடம்பிடித்தது. அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை.

சில்லுக்குள்ளேயே ஒரு குட்டிச் செயலி உண்டு. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதற்கு ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை ஊட்ட வேண்டும். அது பிராட்காமின் சொத்து. லினக்ஸோடு சேர்த்து வழங்க அனுமதி இல்லை. எனவே விண்டோஸ் டிரைவர் போன்ற கோப்புகளிலிருந்து அதை வெட்டியெடுக்க 'எஃப்டபிள்யூகட்டர்' என்றொரு கருவி வந்தது. அந்தக் கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கேபிளைச் செருகினார்கள். 2008இல் 'பி43' என்ற புது டிரைவர் வந்த பிறகும் கேபிள் தொல்லை தீரவில்லை. 2009இல் இத்தாலியின் பிரெஷியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபர்ம்வேரையே சொந்தமாக எழுதிக்காட்டினார்கள், சில சில்லுகளுக்கு மட்டும். அடுத்த ஆண்டு யாருமே எதிர்பாராத இடத்திலிருந்து செய்தி வந்தது.

2010 செப்டம்பர் 9. பிராட்காமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. 2016 பிப்ரவரி 29இல் வந்த ராஸ்பெரி பை 3இல், உள்ளங்கை அளவுப் பலகையில், பிராட்காம் வைஃபை சில்லு லினக்ஸோடு கூடப்பிறந்ததுபோல ஓடியது.

இன்று லினக்ஸ் மடிக்கணினியைத் திறந்ததும் திரையின் மூலையில் விசிறிபோல விரிகிறதே, அந்தச் சின்ன வைஃபை குறி, பிராட்காம் சில்லுகளில் அது பிறந்த கதை இது. ஆனால் அந்தப் பழைய பிராட்காம் சில்லுகளின் ஃபர்ம்வேருக்கு அனுமதி இன்றும் வரவில்லை. அப்படியொரு மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டால், விசிறி விரிவதற்கு முன் ஒரே ஒரு முறை கேபிளைத் தேட வேண்டியிருக்கிறது.