செங்கல்லான பெட்டியும் எழுதப்படாத ஏடும்

கருவி பழுதுற்றால் அதனோடு வந்த கைந்நூலைப் புரட்டுவது மாந்தர் வழக்கம். அக்கைந்நூலில் வேண்டிய செய்தி இல்லையாயின் செய்வது யாது? இவ்வினா, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இல்லந்தோறும் புகுந்த ஒரு சிறு பெட்டியைப் பற்றி எழுந்தது. இணையத்தை வீட்டிலுள்ள கணினிகளுக்குப் பங்கிட்டு வழங்கும் ரவுட்டர் என்பதே அப்பெட்டி. எழுதப்படாத அறிவு எத்துணை இடர் விளைக்கும் என்பதையும், எங்கெங்கோ வாழ்ந்த மக்கள் கூடி அதனை எழுதினால் எத்துணை நன்மை விளையும் என்பதையும் அதன் வரலாறு ஒருங்கே காட்டுகின்றது.

அப்பெட்டியின் உள்ளே நின்று அதனை இயக்கும் நிரலுக்கு ஆங்கிலத்தில் 'பேர்ம்வெயர்' என்றும் தமிழில் 'நிலைபொருள்' என்றும் பெயர். 1967 ஆம் ஆண்டு அஷர் ஒப்லர் என்னும் அமெரிக்கர் 'டேற்றாமேசன்' என்ற கணினிச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை ஆக்கினார். கையால் தொட்டறியத்தக்க வன்பொருளுக்கும், வேண்டியபோது மாற்றத்தக்க மென்பொருளுக்கும் இடையே நிற்பது என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் இச்சொல்லின் பொருள் விரிந்து, ஒரு கருவியின் நினைவகத்தில் நிலையாகப் பதிந்து கிடக்கும் நிரல் அனைத்தையும் குறிக்கலாயிற்று.

முற்காலத்தில் அந்நிரல் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது. பிழை காணப்படின் சிப்பைக் கழற்றி வேறொன்று பொருத்துவர். இந்நிலையை மாற்றியது 'பிளாஷ்' நினைவகமாகும். யப்பானியத் தோசிபா நிறுவனத்தின் பொறியியலாளர் பூசியோ மசுவோக்கா 1984 ஆம் ஆண்டில் அதனை அறிஞர் அவையில் விளக்கினார். பரந்த பகுதியொன்றை ஒரே வீச்சில் அழித்துப் புதிதாக எழுதவல்லது அது. கமராவின் மின்னொளி போல் நொடியில் அழிவதால் அப்பெயர் பெற்றது. இதனால் பழைய நிரலை அழித்துப் புதியதைப் பதிக்கும் பணி, தொழிற்சாலையை விட்டு வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

வசதியோடு ஆபத்தும் உடன் வந்தது. பழைய நிரல் அழிந்து, புதியது பாதி எழுதப்பட்ட வேளையில் மின்சாரம் நின்றால் என்னாகும்? வேறொரு பதிப்புக்குரிய நிரலைத் தவறிப் பதித்தால் என்னாகும்? கருவி விழித்தெழும்போது முதற்கண் செய்ய வேண்டியதைக் கற்பிக்கும் தொடக்க நிரலும் அழிந்துபோனால் அதனை எழுப்புவது எங்ஙனம்? இவ்வாறு உயிரிழந்த பெட்டியை, வீடு கட்டவும் உதவாத 'செங்கல்' என்று கைவினைஞர் கசப்போடு அழைத்தனர்.

2002 ஆம் ஆண்டு டிசெம்பரில் கலிபோர்னியாவின் லிங்சிஸ் நிறுவனம் 'டபிள்யூ ஆர் ரி 54 ஜி' என்னும் ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. நீலமும் கருமையும் கலந்த உடலும், பின்புறத்தில் இரு அன்ரெனாக்களும் உடையது அது. நிரல் பதிய 4 மெகாபைற்று பிளாஷ் நினைவகமும், இயங்க 16 மெகாபைற்று நினைவகமும் அதன் முதற் பதிப்பில் இருந்தன. 2003 ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் லிங்சிஸை விலைக்கு வாங்கியது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில், அப்பெட்டியின் நிலைபொருள் லினக்ஸ் என்னும் பொது மென்பொருளைக் கொண்டு ஆக்கப்பட்டது என்பதை ஆர்வலர் கண்டறிந்தனர். லினக்ஸின் உரிம விதிப்படி, அதனைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூல நிரலையும் வழங்கக் கடமைப்பட்டவர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் பிறரும் இக்கடமையை வற்புறுத்த, நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது.

ஆயினும் மூல நிரல் வேறு, விளக்கம் வேறு. ஒரு மாளிகையின் கற்களையெல்லாம் கொண்டுவந்து முற்றத்திற் குவித்துவிட்டு, வரைபடத்தைத் தராது போனால் கட்டுவோன் திகைப்பான் அல்லவா? அவ்வாறே இங்கும் நேர்ந்தது. அன்றியும் ஒரு முக்கியமான பகுதி முற்றாக மறைந்தே இருந்தது. கம்பியில்லா அலைகளை அனுப்பும் புரோட்கொம் சிப்பினை இயக்கும் நிரல், மனிதர் படிக்கவியலா இயந்திர மொழியில் மட்டுமே கிடைத்தது. அச்சிப்பின் இயல்பைக் கூறும் நூலைப் பொதுமக்கள் பெறவியலவில்லை. போட்டியாளர் தம் நுட்பத்தைக் கவர்வர் என்ற அச்சமும், வானொலி அலைகளின் ஆற்றலை வரையறுக்கும் அரச விதிகளைப் பயன்படுத்துவோர் மீறுவர் என்ற கவலையும் இத்தகைய மறைப்புக்குக் காரணங்களாகக் கூறப்படுவன. அவை முற்றிலும் பொய்யான காரணங்கள் அல்ல. எனினும் அவற்றின் சுமையைத் தாங்கியவர் பெட்டியை வாங்கியவரே.

நிலைபொருளை மாற்ற முயன்றோர் பட்ட பாடு பலவகை. தொடக்க நிரலிலே 'பூட் வெயிற்' என்றோர் அமைப்பு இருந்தது. அதனை இயங்கச் செய்திருந்தால், மின்சாரம் ஏற்றிய கணத்தில் பெட்டி சில நொடிகள் காத்திருந்து, வலையமைப்பின் வழியே அனுப்பப்படும் புதிய நிரலை ஏற்றுக்கொள்ளும். செங்கல்லாகாமல் காக்கும் கவசம் அதுவே. ஆனால் வாங்கியவருக்குத் தரப்பட்ட கைந்நூல் அதைப்பற்றிப் பேசவில்லை. அதனை இயக்கும் வழியும் விந்தையானது. இணைப்பைச் சோதிப்பதற்கென அமைந்த 'பிங்' என்னும் பக்கத்தில் ஒரு குறை இருந்தது. முகவரி எழுத வேண்டிய கட்டத்தில் கட்டளையை எழுதினால் பெட்டி அதற்கும் கீழ்ப்படிந்தது. காப்புக் கவசத்தை அணிய, மதிலில் இருந்த ஓட்டை வழியாகவே நுழைய வேண்டியதாயிற்று!

பெயர் ஒன்றாக இருக்க உள்ளுறுப்பு வேறாக இருந்தமை மற்றோர் இடர். ஒரே பெயரில் பல பதிப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. 2005 ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் நீக்கப்பட்டு 'வீஎக்ஸ்வேர்க்ஸ்' என்னும் வேறோர் இயக்கமுறை இடம்பெற்றது. இரு நினைவகங்களும் பாதியாகக் குறைந்து 2, 8 மெகாபைற்றுகள் ஆயின. பழைய அமைப்பை விரும்பியோருக்கென 'ஜி எல்' என்ற முடிவுடைய மாதிரி தனியே விற்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த பெட்டிகளை வேறுபடுத்தி அறிய, அடிப்புறத்தில் ஒட்டிய சிறு தாளையே வாங்கியவர் நாட வேண்டியிருந்தது. அதனைப் பாராது முந்திய பதிப்புக்குரிய நிரலை ஏற்றியோர், பெட்டியை இழக்கும் அபாயத்தை விலைக்கு வாங்கினர்.

இந்நிலையில் 2004 ஆம் ஆண்டு சனவரியில் 'ஓபன் டபிள்யூ ஆர் ரி' என்னும் கூட்டு முயற்சி தோன்றியது. நிறுவனம் வெளியிட்ட மூல நிரலை அடிப்படையாகக் கொண்டு புதிய நிலைபொருளை ஆக்குவது அதன் நோக்கம். நிரல் ஆக்கியதோடு அவர்கள் நின்றாரல்லர். வன்பொருள் அட்டவணை ஒன்றையும் தொகுக்கலாயினர். எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்தச் சிப்பு, எவ்வளவு நினைவகம், நிரலை ஏற்றுவது எவ்வாறு, தவறினால் மீட்பது எவ்வாறு என்பன அதில் வரிசைப்படுத்தப்பட்டன. பலகையிலுள்ள சோதனை முனைகளில் கம்பிகளைப் பற்றாசு வைத்து இறந்த பெட்டியை எழுப்பும் முறையும் எழுதிவைக்கப்பட்டது. வெற்றியை எழுதுவோர் உலகில் பலர். இங்கோ தோல்வியும் எழுதப்பட்டது. ஒருவருடைய மேசையில் ஒரு பெட்டி செங்கல்லானமையால், அவர் எழுதிய குறிப்பைப் படித்த பிறருடைய பெட்டிகள் பிழைத்தன.

மறைந்திருந்த சிப்பின் இரகசியத்தை அறிந்த முறை இன்னும் சிறப்புடையது. ஆர்வலர் இரு குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு இயந்திர மொழியிலிருந்த நிரலை ஆராய்ந்து, சிப்பு எவ்வாறு நடக்கின்றது என்று விளக்கம் எழுதியது. மற்றைய குழு, மூலத்தைக் கண்ணாலும் நோக்காது, அவ்விளக்கத்தை மட்டுமே படித்துப் புதிய இயக்கியை ஆக்கியது. பிறர் நிரலைப் படியெடுத்தனர் என்ற பழி வாராமற் காத்த ஏற்பாடு அது. இவ்வுழைப்பின் பயன் 2006 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் 2.6.17 இல் இடம்பெற்றது. அதுகாறும் அச்சிப்பினை நம்பியோர், மூடிய இயக்கி பொருந்திய பழைய 2.4 லினக்ஸோடு கட்டுண்டு கிடந்தனர். புரோட்கொம் நிறுவனம் தன் புதிய கம்பியில்லாச் சிப்புகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது 2010 ஆம் ஆண்டிலாகும்.

நீதிமன்றமும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. லிங்சிஸ் கருவிகளில் உரிம விதி முறையாகப் பேணப்படவில்லை என்று 2008 ஆம் ஆண்டு டிசெம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நியூயோர்க்கில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது இணக்கமாக முடிந்தது. உரிமக் கடமைகளைக் கண்காணிக்க ஓர் அலுவலரை நியமிக்கவும், அறக்கட்டளைக்கு நன்கொடை வழங்கவும் சிஸ்கோ உடன்பட்டது.

2024 ஆம் ஆண்டின் இறுதியில் அக்கூட்டு முயற்சியினர் தம் பெயரிலேயே ஒரு ரவுட்டரை வடிவமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதில் இரு பிளாஷ் நினைவகங்கள் தனித்தனியே உள்ளன. ஒன்று கெட்டால், வெளியே அமைந்த ஆளியை மாற்றி மற்றையதிலிருந்து பெட்டியை எழுப்பலாம். எந்தக் காப்பினை இருபது ஆண்டுகளின் முன் ஒரு குறையின் வழியே தேடிப் பெற வேண்டியிருந்ததோ, அக்காப்பு இப்பொழுது யாவரும் காணப் பெட்டியின் புறத்தே நிற்கின்றது. அதன் பயனும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது.