மூணு நிமிஷ சாப்பாடு

நேத்து கொட்டுற மழை, கேன்டீனும் லீவு. டிராயர்ல கிடந்த கப் நூடுல்ஸ்தான் மதிய சாப்பாடு. வெந்நீர் ஊத்தி மூடி வச்சேன். மூணு நிமிஷம் காத்திருக்கணும். அந்த மூணு நிமிஷத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷனோட ஒரு வருஷ உழைப்பு இருக்கு மக்களே.

அவர் பேர் மோமோஃபுக்கு ஆண்டோ. 1910-ல் தைவானில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்தவர். போர் முடிந்த சமயம், ஒசாகாவில் ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்காக ஜனங்கள் குளிரில் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர். 1957-ல் அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் திவால். வீட்டைத் தவிர எல்லாம் போச்சு. வயசு 47. இகெடாவில் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு நூடுல்ஸோட மல்லுக்கட்ட ஆரம்பித்தார்.

கெடாமல் இருக்கக் காய வைக்கணும். ஆனா வெந்நீர் ஊத்தினா உடனே வேகவும் வேணும். மனைவி டெம்புரா (நம்ம பஜ்ஜி மாதிரி) பொரிக்கிறதைப் பார்த்தப்பதான் பொறி தட்டியது. எண்ணெயில் போட்டதும் உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி வெளியேறும். அது போன வழியெல்லாம் நுண்ணிய துளைகள். வெந்நீர் அதே துளை வழியா உள்ளே போகும். அவ்வளவுதான் சூத்திரம்! 1958 ஆகஸ்டில் சிக்கன் ராமென் கடைக்கு வந்தது, விலை 35 யென். கப் வந்தது 1971-ல்.

போன வாரம் எங்க ப்ராஜெக்ட்டை மூடினப்ப 'இனிமே என்ன இருக்கு'ன்னு புலம்பினவன் நான். எனக்கு வயசு 28.

மூடியைத் திறந்தேன். ருசி சுமார்தான். ஆனா ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை :-)