சாந்தோம்: ஸ்பெயின் ராஜாவுக்குச் சொந்தமா இருந்த ஊர்

1/ கோட்டையும் கதீட்ரலும் பார்க்க ஸ்பெயின் போறோம், தடுப்பூசி ஏதும் போடணுமா டாக்டர்னு நூம்பல் கிளினிக்ல கேக்குறாங்க. தாராளமா போயிட்டு வாங்க. ஆனா அந்த ராஜாவோட ஊர் ஒண்ணு சென்னையிலயே இருந்தது: சாந்தோம்.

2/ அது போர்ச்சுகீசியர் மதில் கட்டி வாழ்ந்த நகரம். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலையும் ஸ்பெயின் மன்னர்களே ஆண்டாங்க. 1606-ல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானதும் அப்பதான்.

3/ 1639-ல் சாந்தோமுக்கு வடக்கே ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் சகோதரர் அய்யப்ப நாயக்கர் இருந்தது நம்ம பூந்தமல்லியில! மறு வருஷமே ஜார்ஜ் கோட்டை வேலை ஆரம்பிச்சது.

4/ 1662-ல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடிச்சது. பல குடும்பங்கள் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் குடிபோயின. 1672-ல் பிரெஞ்சுக்காரர் வந்து, 1674-ல் சரணடைஞ்சாங்க. பிறகு மதிலையும் இடிச்சாச்சு.

5/ இன்னைக்கு நாம பார்க்கிற வெள்ளை கதீட்ரல் 1896-ல் கட்டி முடிச்சது. மதில் நின்ன இடம் இப்ப வெறும் தெரு. கோயிலை மட்டும் ஜனங்க விடாம திரும்பக் கட்டியிருக்காங்க. விசா வர்றதுக்குள்ள, ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட போய்ப் பார்த்துட்டு வாங்க.